பழைய பைபர் படகைக் குறைந்த செலவில் சீரமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பதில்கள் எந்த வகைப் படகுக்குப் பொருந்தும்?

தமிழகக் கடற்கரையில் மீன்பிடிக்கப் பயன்படும், அவுட்போர்டு மோட்டாரோ லாங் டெயில் டீசல் இன்ஜினோ பொருத்தப்பட்ட சிறிய பைபர் படகுகளுக்குப் பொருந்தும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர் போன்ற மாவட்டங்களில் கட்டுமரத்தையும் வள்ளத்தையும் இழந்தவர்களுக்கு அரசும் தொண்டு நிறுவனங்களும் ஏராளமான பைபர் படகுகளை வழங்கின. தேவை அவசரமாக இருந்ததால் பல பட்டறைகள் குறுகிய காலத்தில் அவற்றைக் கட்டி முடித்தன. ஆகவே ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு படகுகளில் ஒன்று இன்றும் கடலுக்குப் போய்வர, மற்றொன்று கரையில் கவிழ்ந்து கிடப்பதைக் காணலாம். அப்படிக் கிடக்கும் படகை மலிவாக வாங்கியவரோ, தம்முடைய பழைய படகைக் கைவிட மனமில்லாதவரோ கேட்கக்கூடிய கேள்விகளே இங்கே உள்ளன. இழுவலைத் தொழில் செய்யும் பெரிய விசைப்படகுகளின் பழுதுகள் வேறு வகையானவை; அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

ஒரு படகு சீரமைக்கத் தகுந்ததா என்பதை எப்படி முடிவு செய்வது?

பணம் மிச்சமாவதும் வீணாவதும் பெரும்பாலும் இந்த முதல் அரை நாளில்தான் தீர்மானமாகிறது. படகை நிழலில் வைத்து, நன்றாகக் கழுவிக் காயவிட்டு, சிறிய சுத்தியலின் பின்புறத்தாலோ நாணயத்தாலோ ஒரு சாண் இடைவெளியில் ஓடு (படகின் வெளிக்கூடு) முழுவதையும் தட்டிக்கொண்டே வர வேண்டும். மண்பானை வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதைப் போலத்தான்: உறுதியான இடம் கணீரென்று ஒலிக்கும், அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்த இடமும், உள்ளே மரம் ஊறிய இடமும் மந்தமாக ஒலிக்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொண்டே வந்தால், வேலை முடியும்போது படகின் நோய் முழுவதும் ஒரு படமாகக் கண்முன் நிற்கும்.

அடுத்ததாக மோட்டார் மாட்டும் பின்பலகையைப் பார்க்க வேண்டும். மோட்டார் மாட்டியிருந்தால் அதன் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பலகை சிறிதளவு வளைந்து கொடுத்தாலும், பலகையும் பக்கச் சுவரும் கூடும் மூலையில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும், உள்ளேயுள்ள பிளைவுட் கெட்டுவிட்டது என்றே கொள்ளலாம். சந்தேகமிருந்தால் உட்புறத்தில், அடிப்பகுதிக்கு அருகே, 5 மில்லிமீட்டர் துளை ஒன்றைப் போட்டு வெளியே வரும் தூளைப் பார்க்க வேண்டும். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் பலகை நல்ல நிலையில் உள்ளது. கறுத்து ஈரமாக, புளித்த வாடையுடன் வந்தால் மாற்ற வேண்டியதுதான். போட்ட துளையை ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) கலந்த புட்டியால் அன்றே அடைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, எடை. முன்பு எட்டுப் பேர் தூக்கிக் கரையேற்றிய படகுக்கு இப்போது பன்னிரண்டு பேர் வேண்டியிருக்கிறது என்று பழைய உரிமையாளரே சொன்னால், மிதவை அறைகளில் உள்ள நுரை தண்ணீர் குடித்திருக்கிறது.

பின்பலகை மட்டும் கெட்டிருந்தாலும், தளமும் நுரையும் மட்டும் கெட்டிருந்தாலும் சீரமைக்கலாம். ஓட்டின் அடிப்பகுதியே கையால் அழுத்தினால் உள்வாங்குகிறது, வங்குகள் (உட்புற விலாச் சட்டங்கள்) பல இடங்களில் ஓட்டைவிட்டுப் பிரிந்துவிட்டன, பின்பலகையும் போய்விட்டது என்று மூன்றும் சேர்ந்திருந்தால் அந்தப் படகை விட்டுவிடுவதே சிக்கனம். ஓட்டுக்கு மட்டும் ஆகும் செலவு அதே அளவுள்ள புதிய ஓட்டின் விலையில் பாதியைத் தாண்டுமானால் வேலையைத் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. விற்பனைக்காகவே புதுப் பெயின்ட் அடித்து நிறுத்தப்பட்ட படகை இரட்டிப்புச் சந்தேகத்துடன் தட்டிப் பாருங்கள். பெயின்டும் புட்டியும் மறைக்காத பழுது இல்லை.

கையில் இருக்கும் பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது?

தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது, மோட்டாரைத் தாங்குவது, கவிழ்ந்தாலும் மிதக்க வைப்பது ஆகிய மூன்று வேலைகளைச் செய்யும் பாகங்களுக்கு முதல் பணம் போக வேண்டும். அதாவது ஓட்டின் அடி, பின்பலகை, மிதவை நுரை. அதற்குப் பிறகு மோட்டார். விளக்கும் ஒயரும் அதற்கடுத்து. பெயின்ட் கடைசி. நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது: முதலில் மோட்டார் வாங்கி, பிறகு பெயின்ட் அடித்து, பின்பலகைக்குப் பணம் இல்லாமல் இரண்டு போல்ட்டும் ஓர் இரும்புத் தகடும் வைத்து இறுக்கிவிட்டுக் கடலுக்குப் போகிறார்கள். அந்தத் தகடு பலகையைக் காப்பாற்றுவதில்லை. போல்ட் துளை வழியாக இன்னும் அதிகத் தண்ணீரை உள்ளே விடுகிறது.

ரெசின், மேட் (கண்ணாடியிழை விரிப்பு) ஆகியவற்றின் அளவை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொண்டால் கடைக்காரர் சொல்லும் அளவை நம்பி அதிகம் வாங்க வேண்டியதில்லை. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை 4 சதுர மீட்டர் பரப்பில் இரண்டு அடுக்கு போட வேண்டுமென்றால் மேட் 3.6 கிலோ. மேட்டின் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் தேவைப்படும். அதாவது 7 முதல் 9 கிலோ. வோவன் ரோவிங் எனும் நெய்த கண்ணாடியிழைத் துணிக்கு அதன் எடைக்குச் சமமான ரெசினே ஏறக்குறையப் போதும். வெட்டும்போதும் கலக்கும்போதும் வீணாவதற்காகப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளலாம். ரெசின் நாள்பட்டால் டின்னுக்குள்ளேயே கெட்டியாகிவிடும் என்பதால், மலிவாகக் கிடைக்கிறதே என்று அடுத்த ஆண்டுக்கும் சேர்த்து வாங்கி வைப்பது லாபமாகாது.

எந்த மாதத்தில் இந்த வேலையைச் செய்வது நல்லது?

பிப்ரவரி, மார்ச். வடகிழக்குப் பருவமழை முடிந்து, பனியும் குறைந்து, ஓடு நன்றாக உலரும் காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளதால் அந்த 61 நாட்களில் பெரிய படகுகள் அனைத்தும் பழுதுபார்க்கக் கரைக்கு வரும். பைபர் வேலை தெரிந்தவர்களும் மெக்கானிக்குகளும் அப்போது சிறிய படகுக்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள், கூலியும் ஏறும். வேலை அந்தக் காலத்துக்குத் தள்ளிப்போனால், மேட் போடுவதைக் காலை பத்து மணிக்கு முன் முடிப்பது நல்லது. உச்சி வெயிலில் ஓடு தொட முடியாத அளவு சூடாகிவிடும். ரெசின் பிரஷ்ஷிலேயே உறைந்துவிடும்.

கெட்டுப்போன பின்பலகையை மாற்றுவது எப்படி?

படகுச் சீரமைப்பில் மிகவும் பயப்படப்படும் வேலை இதுதான். பொறுமை இருந்தால் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடியதும் இதுதான். பின்பலகை என்பது வெளியே ஒரு பைபர் தோல், உள்ளே ஒரு பைபர் தோல், நடுவில் பிளைவுட் அல்லது மரம் என்ற அமைப்பு. மோட்டாரின் தள்ளுவிசை முழுவதையும் அது வாங்கி ஓட்டுக்குக் கடத்துகிறது. போல்ட் துளைகள், வடிகால் துளை, மேல் விளிம்பு ஆகிய மூன்று வழிகளில் தண்ணீர் புகுந்து நடுமரத்தை ஊறவைக்கிறது.

வெளித்தோலைத் தொடாமல், உட்தோலை மட்டும் சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் விளிம்பு விட்டுக் கிரைண்டரால் வெட்டி எடுக்க வேண்டும். வெளித்தோல் அப்படியே இருந்தால் படகின் வடிவம் மாறாது. புதிய பலகைக்கு அதுவே அச்சாகவும் அமையும். கெட்ட மரத்தை உளியால் பெயர்த்து, வெளித்தோலின் உட்பக்கத்தைப் பளபளப்பு போய் வெள்ளைப் பூத்ததுபோல் ஆகும் வரை தேய்த்து, குறைந்தது சில நாட்களாவது காயவிட வேண்டும். இந்தக் காயவிடும் நாட்களைக் குறைப்பவர்கள்தான் இரண்டு ஆண்டுகளில் மீண்டும் இதே வேலைக்கு வருகிறார்கள்.

பிளைவுட் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டையே வாங்க வேண்டும், ஐ.எஸ். 303 என்பது வீட்டு மரச்சாமான்களுக்கானது. பழைய பலகை எத்தனை மில்லிமீட்டர் இருந்ததோ அதே கனத்தைக் கொண்டுவர வேண்டும்: 36 மில்லிமீட்டர் என்றால் 18 மில்லிமீட்டர் பலகை இரண்டையோ, 12 மில்லிமீட்டர் பலகை மூன்றையோ ரெசினும் மேட்டும் வைத்து ஒட்டிக்கொள்ளலாம். பலகையை வைத்துப் பார்த்து அளவு சரிசெய்த பிறகு, இரு முகங்களிலும், குறிப்பாகத் தண்ணீரை உறிஞ்சும் வெட்டு விளிம்புகளிலும், ரெசினைத் தடவி இழுக்கவிட வேண்டும். பிறகு வெளித்தோலின் உட்பக்கத்தில் நனைத்த மேட் ஒன்றைப் பரப்பி, அதன் மேல் கெட்டியான ரெசின் புட்டியைப் பூசி, பலகையை அழுத்தி, மரக்கட்டைகளும் போல்ட்டுகளும் கொண்டு இறுக்க வேண்டும். விளிம்பு முழுவதிலும் புட்டி பிதுங்கி வெளியே வந்தால் உள்ளே காற்று இல்லை என்று பொருள்.

அது இறுகியதும் பலகை ஓட்டைச் சந்திக்கும் மூலைகளில் புட்டியை வைத்து, விரலால் இழுத்து, உட்குழிவான வளைவாக ஆக்க வேண்டும். கண்ணாடியிழை கூர்மையான மூலையில் மடங்காது. மடக்கினால் பின்னால் காற்று தங்கி, விரிசல் அங்கிருந்தே தொடங்கும். அந்த வளைவின் மேல் முதல் மேட் 10 சென்டிமீட்டர், அடுத்தது 15, அதற்கடுத்தது 20 என்று ஓட்டின் பக்கங்களிலும் அடியிலும் ஏறிச் செல்லும்படி படிப்படியாக அகலத்தைக் கூட்டிப் போட வேண்டும். ஒரே மூச்சில் மூன்று நான்கு அடுக்குக்கு மேல் போடக் கூடாது. கனமான அடுக்கு தனக்குள் உண்டாகும் சூட்டிலேயே வெடித்து வெளுத்துவிடும்.

மோட்டார் போல்ட் துளைகளைத் தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸி (இன்னும் உறுதியாக ஒட்டும் வேறு வகை ரெசின்) புட்டியால் முழுவதும் நிரப்பி, அது இறுகிய பின் அதன் நடுவில் சரியான அளவுத் துளையைப் போட வேண்டும். இனி சீலன்ட் என்றாவது கசிந்தாலும் தண்ணீர் எபாக்ஸியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. வடிகால் துளைக்கும் இதையே செய்ய வேண்டும்.

கேட்டலிஸ்ட் எவ்வளவு சேர்ப்பது? எதில் கவனம் தேவை?

கேட்டலிஸ்ட் என்பது ரெசினை இறுகச் செய்யும் திரவம். பாலியெஸ்டர் ரெசினுக்கு எடையில் 1 முதல் 2 சதவீதம். அதாவது ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். நம் ஊர் வெப்பத்தில் பெரும்பாலும் 1 சதவீதத்தை ஒட்டியே போதும். அளவைக் கூட்டினால் வேகமாக இறுகும், ஆனால் நொறுங்கும் தன்மை வரும். 1 சதவீதத்துக்குக் கீழே குறைத்தால் பல நாள் ஆனாலும் முழுமையாக இறுகாது. வேலை நேரத்தைக் கூட்ட வேண்டுமென்றால் கேட்டலிஸ்ட்டைக் குறைப்பதைவிட, ஒரு தடவைக்குக் கலக்கும் ரெசினைக் குறைப்பதே சரியான வழி. ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். மூடியால் கணக்குப் பார்க்க வேண்டாம்.

சில ரெசினில், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டர் ஏற்கெனவே கலந்திருக்கும். சிலவற்றில் நாம் கலக்க வேண்டும். நாம் கலப்பதாக இருந்தால் ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் சேர்த்து நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டையும் ஒரே பெட்டியில், ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது. ஒன்றை அளந்த சிரிஞ்சை மற்றொன்றுக்குப் பயன்படுத்தவும் கூடாது.

கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகக்கூடும். கண்ணாடி அணியாமல் அதைத் தொடாதீர்கள். பட்டுவிட்டால் உடனே குறைந்தது 15 நிமிடம் ஓடும் நல்ல தண்ணீரில் கழுவியபடி இருந்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவிக்குத் துணி மாஸ்க் பயன்படாது. ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க்கே வேண்டும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூளுக்கு முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் மாஸ்க்கும் வேண்டும். மிச்சமான ரெசினைக் குவளையில் ஆழமாக விட்டுவைத்தால் அது புகைந்து தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகும். மணலில் மெல்லியதாகப் பரப்பி ஊற்றிவிட வேண்டும். குறைந்த செலவு என்பதில் இந்தப் பாதுகாப்புப் பொருட்களின் செலவை யாரும் குறைக்கக் கூடாது.

எபாக்ஸி பயன்படுத்துவது நல்லதா, பாலியெஸ்டர் போதுமா?

எபாக்ஸி பழைய பைபரின் மேலும் மரத்தின் மேலும் பாலியெஸ்டரைவிட மிக உறுதியாக ஒட்டும். விலை பல மடங்கு. ஆகவே இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். துளைகளை நிரப்புவதற்கும், மரத்தின் விளிம்புகளை அடைப்பதற்கும், நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள சிறிய பழுதுக்கும் எபாக்ஸி. பரந்த பரப்பில் அடுக்கு ஏற்றுவதற்குப் பாலியெஸ்டர். அதிலும் சாதாரண ரெசினைவிட ஐசோப்தாலிக் ரெசின் கடல் தண்ணீரை நன்றாகத் தாங்கும். விலை வித்தியாசத்துக்குத் தகுந்தது. ஒரு விதியை மட்டும் மறக்கக் கூடாது: பாலியெஸ்டரின் மேல் எபாக்ஸி ஒட்டும், எபாக்ஸியின் மேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. எபாக்ஸி போட்ட இடத்தில் அதற்கு மேல் வருவதும் எபாக்ஸியாகவே இருக்கட்டும். மேட்டிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பவுடர் பைண்டர் உள்ள மேட், இமல்ஷன் பைண்டர் உள்ள மேட் என இரண்டு வகை உண்டு. அந்தப் பைண்டர் பாலியெஸ்டரில் கரைவதற்காகச் செய்யப்பட்டது, எபாக்ஸியில் சரியாகக் கரையாது. எபாக்ஸிக்கு நெய்த துணியையே வாங்குங்கள்.

ஓட்டில் விரிசலும் ஓட்டையும் இருக்கின்றன. மேலே ஒரு மேட் ஒட்டினால் போதாதா?

போதாது. கடற்கரையில் காணும் ஒட்டுகளில் பெரும்பாலானவை ஓராண்டில் விளிம்பு கிளம்பி உரிவதற்குக் காரணம் மேட்டின் தரமல்ல. அடியில் உள்ள பெயின்டும் உப்பும் எண்ணெயும் முழுமையாக நீங்காததுதான். பழைய பைபரில் புதிய ரெசின் வேதியியல் முறையில் இணைவது மிகக் குறைவு; சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் அது நிற்கிறது. எனவே முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, அசிட்டோனால் எண்ணெயைத் துடைத்து, அதன் பிறகே 40 அல்லது 60 எண் டிஸ்க்கால் தேய்க்க வேண்டும். தேய்த்த பிறகு துடைத்தால் எண்ணெயை ஏற்கெனவே கீறல்களுக்குள் அழுத்திவிட்டிருப்போம்.

ஓட்டையைச் சுற்றிச் சரிவு கொடுப்பது அடுத்த வேலை. ஓட்டின் கனத்தைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு இருக்க வேண்டும்: ஓடு 6 மில்லிமீட்டர் கனம் என்றால் ஓட்டையின் விளிம்பிலிருந்து சுற்றிலும் 7 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். சிறிய ஓட்டைக்கு இவ்வளவு பெரிய வட்டமா என்று தோன்றும். பலம் அந்த வட்டத்தில்தான் இருக்கிறது. உட்புறத்தில் பாலித்தீன் சுற்றிய பிளைவுட் துண்டை அண்டை கொடுத்து, சரிவை நிரப்பும்படி மேட்டை அடுக்கி, ஒவ்வொரு அடுக்கிலும் ரோலரால் காற்றை வெளியேற்ற வேண்டும். கடைசி அடுக்கின் மேல் பாலித்தீன் தாளை ஒட்டி மூடினால், காற்றுப் படாமல் பிசுபிசுப்பின்றி இறுகும்.

அடிப்பகுதியில் கொப்புளங்கள் உள்ளன. ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. ஓட்டின் வெளிப்பூச்சான ஜெல் கோட் வழியாக ஊடுருவிய நீர் உள்ளேயுள்ள கரையும் பொருட்களோடு சேர்ந்து கரைசலாகி, மேலும் தண்ணீரை இழுத்து வீங்குகிறது. குத்தினால் புளித்த வாடையுள்ள நீர் வரும். சில கொப்புளங்கள் என்றால் திறந்து, கழுவி, வாரக்கணக்கில் காயவிட்டு, எபாக்ஸி புட்டியால் நிரப்பலாம். தினமும் கரையேற்றிக் காயவைக்கப்படும் படகில் இது அதிகம் வருவதில்லை. கழிமுகத்திலோ துறைமுகத்திலோ மாதக்கணக்கில் தண்ணீரிலேயே நிற்கும் படகில்தான் வரும்.

மிதவை நுரையை மாற்ற வேண்டுமா? எவ்வளவு வேண்டும்?

அணியத்திலும் (முன்பகுதி) அமரத்திலும் (பின்பகுதி) உள்ள மூடிய அறைகளில் துளையிட்டு ஒரு துண்டை எடுத்துப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் மாற்ற வேண்டும். ஊறிய நுரை தானாக உலராது.

அளவுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. பைபர் தண்ணீரைப் போல் ஒன்றரை மடங்கு அடர்த்தி உள்ளது. ஓட்டின் எடை 600 கிலோ என்று வைத்துக்கொண்டால், தண்ணீரில் மூழ்கிய நிலையில் அது மூன்றில் ஒரு பங்காக, அதாவது 200 கிலோவாக நிற்கும். மோட்டாருக்கு ஏறத்தாழ 25 கிலோவைச் சேர்த்தால் 225 கிலோ. ஒரு லிட்டர் நுரை ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும் என்பதால் படகு மூழ்காமல் இருப்பதற்கு மட்டுமே 225 லிட்டர் நுரை வேண்டும். வலையும், படகைப் பிடித்துக்கொண்டு உதவிக்குக் காத்திருக்கும் ஆட்களும் இதற்கு மேல். 400 லிட்டருக்குக் குறையாமல் வைப்பதே பாதுகாப்பு.

தெர்மாக்கோல் மலிவானது; ஆனால் ரெசின் பட்டவுடன் கரைந்துபோகும், பெட்ரோலிலும் கரையும். அதையே பயன்படுத்த வேண்டியிருந்தால் தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்று சுற்றி வைக்க வேண்டும். பாலியூரிதேன் நுரைக்கு இந்தக் குறை இல்லை. எந்த நுரையானாலும் அறையின் அடியில் சிறு வடிகால் வைத்து மூடி போடுங்கள். பல படகுகளில் நுரை ஊறியதற்குக் காரணம் உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியேற வழி இல்லாததே.

பழைய அவுட்போர்டு மோட்டாரை வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து வாங்க வேண்டும். விற்பவர் மோட்டாரை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த மோட்டார் எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்பதே அதன் உண்மை நிலை.

முதலில் கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்க வேண்டும். இரண்டு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. விலையை அதற்கேற்பப் பேச வேண்டும் அல்லது விலக வேண்டும். அடுத்து, கீழே உள்ள கியர் ஆயில் திருகைச் சிறிது தளர்த்திப் பார்க்க வேண்டும். ஆயில் பால்போல் வெளுத்து வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்துள்ளது. மீன்பிடி மோட்டார்களில் இதற்கு முதன்மைக் காரணம் தூண்டில் நரம்பும் வலை நூலும் புரொப்பெல்லரின் பின்னே தண்டில் சுற்றி, சீலை அறுப்பதுதான். சீல் மலிவானது, அதைக் கவனிக்காமல் ஓட்டிக் கெடுத்த கியர் மலிவானதல்ல.

மோட்டாரை டிரம் தண்ணீரில் வைத்து ஓட்டி, பக்கத் துளையிலிருந்து நீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். பீச்சவில்லை என்றால் இம்பெல்லர் (குளிர்நீரை இறைக்கும் ரப்பர் சக்கரம்) தேய்ந்திருக்கலாம், அல்லது குளிர்நீர்ப் பாதை உப்பால் அடைபட்டிருக்கலாம். பழைய மோட்டாரை வாங்கியவுடன் நிலை எப்படி இருந்தாலும் இம்பெல்லர், ஸ்பார்க் பிளக், கியர் ஆயில், எரிபொருள் குழாய் ஆகிய நான்கையும் மாற்றிவிடுவதே சிக்கனம். தண்ணீரில் வைக்காமல் மோட்டாரைக் கிளப்பிச் சத்தம் கேட்டுப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ரப்பர் இம்பெல்லர் உலர்ந்த நிலையில் ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாராக இருந்தால், நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடங்கள் ஓட்ட வேண்டும். மண்ணெண்ணெய் கார்புரேட்டரில் தங்கினால் மறுநாள் கிளம்பாது. பிளக்கிலும் கரி சீக்கிரம் படியும். ஆயில் கலவை விகிதத்தைத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்தே வைக்க வேண்டும். அதிகம் ஊற்றினால் நல்லது என்ற நம்பிக்கை பிளக்கைத்தான் கெடுக்கிறது. மோட்டாரின் அடியில் உள்ள துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றப்பட வேண்டும்; அதன் மேல் பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது, அதற்குப் பதிலாக மோட்டாரின் அலுமினியம் அரிக்கப்படும்.

கடலில் மூழ்கி எடுத்த மோட்டாரைக் காப்பாற்ற முடியுமா?

முடியும், அன்றே கவனித்தால். ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கியிருந்தால் கயிற்றை இழுத்துப் பார்க்கக் கூடாது; சிலிண்டருக்குள் உள்ள தண்ணீர் அழுங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கக்கூடும், மெக்கானிக் திறந்து பார்க்கட்டும். நின்ற நிலையில் விழுந்திருந்தால் நல்ல தண்ணீரால் முழுவதும் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, தலைகீழாகச் சாய்த்துத் தண்ணீரை வடித்து, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, சிலிண்டரில் ஆயில் விட்டுச் சுழற்றி, உடனே கிளப்பி ஓடவிட வேண்டும். மெக்கானிக் மறுநாள்தான் வருவார் என்றால் அதுவரை மோட்டாரை நல்ல தண்ணீர் நிரம்பிய டிரம்மில் மூழ்கவைப்பது நல்லது. விசித்திரமாகத் தோன்றினாலும் காரணம் உண்டு: உப்போடு காற்றும் சேரும்போதுதான் துரு விரைந்து ஏறுகிறது.

மோட்டாரை எந்த உயரத்தில் மாட்டுவது?

புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ, ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் புரொப்பெல்லர் காற்றை இழுத்து வீணாகச் சுழலும்; மிகக் கீழே இருந்தால் எரிபொருள் வீணாகும். மோட்டார்த் தண்டுகள் 15 அங்குலம், 20 அங்குலம் என்ற அளவுகளில் வருவதால், மோட்டாரை வாங்குவதற்கு முன் பின்பலகையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள்.

பழைய மர வள்ளத்தின் மேல் பைபர் போட்டுப் புதுப்பிக்கலாமா?

பரிந்துரைக்க மாட்டேன். பல ஆண்டுகள் மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் குடித்த மரத்தில் ரெசின் பிடிக்காது. பிடித்தாலும் உள்ளேயுள்ள ஈரம் வெளியேற வழியின்றி மரத்தை மூடிய நிலையிலேயே மக்கச் செய்யும். பலகையும் வங்கும் நன்றாக இருந்தால் வள்ளத்தை வள்ளமாகவே பழுதுபார்ப்பது மேல்.

போல்ட், ஒயர் ஆகியவற்றில் எதை வாங்குவது?

நீர்மட்டத்துக்குக் கீழும் மோட்டாருக்கும் 316 தர ஸ்டெயின்லெஸ். மேலே 304 போதும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) போல்ட் ஓரிரு ஆண்டில் பலகைக்குள்ளேயே தேய்ந்து, வெளியே தலை மட்டும் நல்லதாகத் தெரியும். விளக்குக்கு வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரை வாங்க வேண்டும். வீட்டு ஒயர் உறைக்குள்ளேயே பச்சை பூத்துவிடும்.

பெயின்ட் எது நல்லது?

தேய்த்துச் சுத்தம் செய்த பரப்பில் எதுவும் நிற்கும். தேய்க்காத பரப்பில் எதுவும் நிற்காது. தினமும் கரையேறும் படகுக்குப் பாசி தடுக்கும் விலையுயர்ந்த அடிப்பெயின்ட் தேவையில்லை. பதிவு எண்ணைத் தெளிவாக எழுதுங்கள்.

பழைய படகும் மோட்டாரும் வாங்கும்போது எந்த ஆவணங்களைப் பார்ப்பது?

பதிவுச் சான்று, விற்றவர் பெயரில் உள்ள ரசீது, மோட்டார் எண். மோட்டாரில் பொறித்த எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று நேரில் ஒப்பிட வேண்டும். மானியத்தில் வாங்கிய படகோ மோட்டாரோ என்றால் அதை மறுவிற்பனை செய்ய நிபந்தனை உண்டா என்பதை மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்த பிறகே முன்பணம் கொடுங்கள். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், 1983-இன்படி மீன்பிடிக்க உரிமம் வேண்டும். பெயர் மாற்றம் செய்யாமல் வைத்திருந்தால் விபத்து நிவாரணமும் எரிபொருள் மானியமும் கேட்கும் நாளில் சிக்கல் வரும். காரைக்கால் படகு என்றால் புதுச்சேரி அரசின் மீன்வளத்துறையை அணுக வேண்டும்.

வேலை முடிந்ததும் கடலில் எப்படி இறக்குவது?

முதலில் கரையிலேயே படகுக்குள் ஒரு சாண் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். கசிவு எங்கிருந்தாலும் காலையில் வெளிப்புறத்தில் ஈரமாகத் தெரியும். கடலில் தேடுவதைவிட இது எளிது. பிறகு தண்ணீரை வடித்து, அலையில்லாத நாளில், கழிமுகத்தில் இறக்கி, மோட்டாரை அரை வேகத்துக்கு மேல் கொண்டுபோகாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது ஒருவர் பின்பலகையின் மூலைகளையும் மோட்டார் போல்ட்டுகளையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கட்டும். மூலைகளில் புதிய விரிசல் எதுவும் இல்லையென்றால் முழு வேகம் கொடுக்கலாம். உயிர்காப்பு ஜாக்கெட், துடுப்பு, நங்கூரக் கயிறு, தண்ணீர் இறைக்க வாளி ஆகியவை சோதனை ஓட்டத்திலும் படகில் இருக்க வேண்டும். கூட ஒரு படகு வந்தால் இன்னும் நல்லது. முதல் வாரம் ஒவ்வொரு முறை கரை திரும்பியதும் மோட்டார் போல்ட்டுகளை இறுக்கிப் பார்த்து, மிதவை அறைகளின் வடிகால் மூடியைத் திறந்து தண்ணீர் சொட்டுகிறதா என்று கவனியுங்கள். சொட்டினால் அந்த அறையின் மேல் மூட்டைத்தான் முதலில் தேட வேண்டும், பெரும்பாலும் அடிப்பகுதியை அல்ல.